கட்டணம் கட்டாதவருக்கே நாற்காலி

காலை ஏழே முக்காலுக்கு இரும்புலியூரில் ஜிஎஸ்டி சாலையைக் கடக்க நிற்பவருக்கு முதலில் கண்ணில் படுவது மஞ்சள் நிறம்தான். ஸ்கூல் வேன், ஸ்கூல் பஸ், பத்துப் பிள்ளைகளையும் பத்துப் பைகளையும் திணித்துக்கொண்டு போகும் ஆட்டோ. மதுரவாயல் பைபாஸ் இறங்குகிற இடம் இது. லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து சேலையூர், முடிச்சூர், படப்பை என்று நாலு திசைக்கும் வேன்கள் பறக்கும். அந்த நேரத்தில் தெருவோரமாகச் சீருடையில் நடந்தே போகும் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் காலை உணவு இருப்பதால் இவர்கள் கொஞ்சம் முன்பாகவே கிளம்பியிருப்பார்கள். ஹாரன் சத்தத்தில் அவர்களை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

இந்த இரண்டு கூட்டத்தில் எந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் பள்ளியைத் தட்டிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது? ஃபீஸ், வேன், புத்தகம், ஷூ என்று ஆண்டுக்கு ஒரு பெரிய தொகையை எண்ணி வைக்கும் அம்மாவுக்குத்தான் என்று தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-வது பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று முதல் வரியிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். உதவிபெறும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை சொல்லலாம், அதற்கு மேல் இல்லை என்று 2012-ல் திருத்தம் வந்தது. ஆக, முழு அதிகாரத்தோடு நாற்காலி போட்டு வைத்திருப்பது நடந்து போகிற பிள்ளையின் அம்மாவுக்குத்தான். பணம் கட்டுகிறவர் வாசலில் வாட்ச்மேனோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டும்.

இது ஏதோ சட்டப் புத்தகச் சுவாரசியம் என்று தள்ளிவிட முடியாது. நாற்காலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரம் வட்டாரம் 2012 ஜூலையில் பார்த்தது. தனியார் பள்ளிப் பேருந்து ஒன்றின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். கூடியவர்கள் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. விதி வந்தது நல்லதுதான். ஆனால் பேருந்தின் தளம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்க, கேட்டதைப் பதிவு செய்ய, பதில் வாங்க பெற்றோருக்கு ஒரு மேசை இருக்கவில்லை. அதனால்தான் கோபம் நேராகச் சாலைக்கு வந்தது.

அரசுப் பள்ளியில் அந்த மேசை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டில் குழுக்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தன. பழைய பி.டி.ஏ.வே போதும் என்ற நினைப்பு. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தலைவராக வருபவர் அந்தப் பகுதியின் செல்வாக்கான மனிதர். ஆண்டு விழாவுக்கு ஷாமியானா போட்டுக் கொடுப்பார், மேடையில் முதல் வரிசையில் இருப்பார். அவர் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. 2022 மார்ச் 20-ஆம் தேதி மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, குழுக்களைப் புதிதாக அமைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. இருபது பேர் கொண்ட குழுவில் பதினைந்து பேர் பெற்றோர். தலைவர் பெற்றோரில் ஒருவர், பெரும்பாலும் ஒரு தாய். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவரே தவிரத் தலைவர் அல்ல. உள்ளாட்சி உறுப்பினரும் குழுவில் ஒருவர்தான், அவருக்குத் தனி மேடை கிடையாது.

பட்டனைத் தட்டியதும் ஜனநாயகம் வந்துவிடவில்லை. கூட்டம் நடக்கும் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள். மடியில் சின்னது ஒன்று தூங்கும். ‘பெரிய டீச்சர்’ பேசுவார். தீர்மான நோட்டு ஒவ்வொரு பெஞ்சாக நகரும். கையெழுத்து, டீ, பிஸ்கட். கேள்வி கேட்க நினைப்பவளுக்கு உள்ளே ஒரு பயம் உண்டு: நாம் கேட்டால் அதைப் பிள்ளையிடம் காட்டிவிட்டால்? சட்டம் கொடுத்த நாற்காலியில் அவள் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பல ஆசிரியர்களுக்கும் இது சங்கடம்தான். நேற்று வரை பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று தாங்கள் அதட்டிய அம்மா, இன்று ஆசிரியர் வருகையைப் பற்றிக் கேட்கும் தலைவி.

அந்த நோட்டில் எழுதப்படும் வாசகத்தில் பாதி வெற்றி இருக்கிறது. ‘கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால் அது கோரிக்கை. கோரிக்கைகள் அடுக்கி வைக்கப்படும். பெண் பிள்ளைகள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, எதற்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றுபோகிறது என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், வார்டு கவுன்சிலர் என்று அது நகரும்போது கூடவே நகர ஓர் ஆள் வேண்டும். தேவைப்பட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு.

யாரிடம் போவது என்பதே இந்தப் புறநகரில் ஒரு புதிர். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. எழுபது வார்டுகள். ஆனால் இங்கே பல தொடக்கப் பள்ளிகளின் பெயர்ப்பலகை இன்னும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றே சொல்லும். ஊராட்சி போய்ப் பேரூராட்சி வந்து, அதுவும் போய் மாநகராட்சி வந்தது; பலகை நகரவில்லை. மழையில் கூரை ஒழுகினால் யார் கட்டிக் கொடுப்பது, காம்பவுண்டுச் சுவர் யார் பொறுப்பு, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் எந்தக் கணக்கு என்று ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும். 2021 டிசம்பரில் நெல்லையில் ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் அவசர அவசரமாக இடிக்கப்பட்டன. அடுத்து, பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தார்கள். பணம் எந்தத் தெருவுக்கு வருகிறது, வராமல் போகிறது என்பதைப் பார்க்க அந்த நோட்டும் அந்த அம்மாவும்தான்.

கட்டடத்தைவிடப் பெரிய விஷயம் ஆசிரியர். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெற்றோர் பலருக்கு அதை யாரும் சொல்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. இரண்டே ஆசிரியர் என்றால் ஐந்து வகுப்பையும் இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ தேர்தல் வேலைக்கோ போனால், மீதி ஒருவர் ஐந்து வகுப்பு. இதைப் பார்க்கிற அப்பா, ‘டீச்சரே இல்லை’ என்று பிள்ளையை எடுத்து மெட்ரிக்கில் போடுவார். எண்ணிக்கை குறையும். மூன்று ஆசிரியர் இருந்த பள்ளி அறுபதுக்கு இறங்கினால் ஒருவர் ‘உபரி’ ஆவார், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். அடுத்த ஆண்டு இன்னும் நாலு பிள்ளை போகும். அரசு எதுவும் செய்யாமலேயே ஒரு பள்ளி மெல்லக் கரைகிற விதம் இது. 2019-ல் பிள்ளைகளே இல்லாமல் போன நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகம் ஆக்குவதாக அறிவித்தார்களே, அந்தப் பள்ளிகள் ஒரே நாளில் காலியானவை அல்ல.

திருப்பிப் பார்த்தால், அந்த 61-வது பிள்ளைதான் ஊரிலேயே மதிப்பு மிக்க பிள்ளை. ஐம்பத்தெட்டில் நிற்கும் ஒரு பள்ளிக்கு மூன்று வீட்டில் பேசினால் போதும். ஓர் ஆசிரியர் பணியிடத்துக்குக் கணக்கு கிடைத்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போகிறார்கள், மேளம் வைத்துச் சேர்க்கைப் பேரணி நடத்துகிறார்கள். அவர்கள் சொல்வதைவிட, பக்கத்து வீட்டு அக்கா சொல்வது எடுபடும். என் பிள்ளை அங்கேதான் படிக்கிறான், பொங்கலும் கிச்சடியுமாகக் காலையிலேயே சாப்பாடு போடுகிறார்கள், டீச்சர் தங்கமானவர் என்று அவள் சொன்னால் அதற்குமேல் விளம்பரம் வேண்டாம்.

சேர்க்கைக்குச் சாதகமான காற்றும் அவ்வப்போது வீசுகிறது. கொரோனாவில் வேலை போனவர்கள் லட்சக்கணக்கில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். நிலைமை தேறியதும் ஒரு பகுதி திரும்பிப் போனது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் நீண்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இதே ஆறாம் வகுப்பைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றலாமா என்று யோசிக்கும் வீடுகள் இப்போது உண்டு. கணக்குப் போட்டு வருகிறவர்களையும் வரவேற்க வேண்டியதுதான். வந்த பிறகு அவர்களும் பெற்றோர்தான், அவர்களுக்கும் நாற்காலி உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் வேறு.

இந்தக் குழுக்களை நம்பிக் கடைசிக் காலம் வரை அலைந்தவர் வே. வசந்தி தேவி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், மாநில மகளிர் ஆணையத் தலைவராக இருந்தவர். அந்தப் பதவிகளோடு ஓய்ந்து நினைவுக் குறிப்பு எழுதியிருக்கலாம். பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கம் என்று தொடங்கி, மேலாண்மைக் குழு உறுப்பினர்களான ஏழைத் தாய்மார்களை ஒன்று சேர்ப்பதில் இறங்கினார். 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அவர் காலமானார். பொதுப்பள்ளி முறைக்காகப் பேசியவர்களில் எஸ். எஸ். ராஜகோபாலன், பிரின்ஸ் கஜேந்திர பாபு என்று பெயர்கள் உண்டு. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-ல் வந்ததிலும், அதை நிறுத்தப் பார்த்தபோது 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்ததிலும் இப்படிப்பட்டவர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் வசந்தி தேவி பிடித்த இடம் வேறு. பாடப்புத்தகம் பொதுவானால் மட்டும் பள்ளி பொதுவாகிவிடாது, அதைத் தன்னுடையது என்று சொல்ல ஆள் வேண்டும் என்ற இடம்.

அப்படிச் சொன்ன ஒரு காலம் நம் மாவட்டத்திலேயே இருந்தது. 1958-ல், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராஜர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து.சு.வும் இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்தான். பள்ளிக்கு என்ன குறை என்று ஊர்க்காரர்களும் ஆசிரியர்களும் முதலில் பட்டியல் போடுவார்கள். யார் எதை ஏற்றுக்கொள்வது என்று ஊரில் பேசி முடிப்பார்கள். மாநாட்டில் அதை எல்லோர் முன்னாலும் அறிவிப்பார்கள். நிலம் கொடுத்தவர், கூரைக்கு ஓடு கொடுத்தவர், கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி என்று வந்து குவிந்தது. கடம்பத்தூரில் தொடங்கியது மாநிலம் முழுக்கப் பரவியது. மதிய உணவும் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது ஊர் மக்களின் கைப்பொருளை நம்பித்தான் தொடங்கியது. அரசு முழுப்பொறுப்பையும் ஏற்ற சத்துணவெல்லாம் பிறகு, 1982-ல்.

அந்தக் காலத்தை நினைத்து உருகுவதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. கொடுத்தவர் பெரிய மனிதர், வாங்கியவர் ஏழை என்ற ஏற்றத்தாழ்வு அதற்குள் இருந்தது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. நிலம் கொடுத்த மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் அதே ஊர்ப் பள்ளியில்தான் பல இடங்களில் படித்தது. மெட்ரிக் பள்ளி தெருவுக்குத் தெரு முளைத்த பிறகு அந்த இணைப்பு அறுந்தது. இப்போதும் கொடுக்கிற மனது வற்றவில்லை. மதுரை கொடிக்குளத்தில் வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த 1.52 ஏக்கர் நிலத்தை எழுதிக்கொடுத்தார். 2024 குடியரசு நாளில் அரசு அவரைச் சிறப்பித்தது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் பணம் தருகிறார்கள். சுவரில் வண்ண ஓவியம், திறப்பு விழா, நாளிதழில் படம். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெயின்ட் அடித்துக் கொடுத்த நிறுவனம் காலி ஆசிரியர் பணியிடத்தைப் பற்றிக் கேட்காது, கேட்கவும் முடியாது. அதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்தான் கேட்க முடியும்.

அவளுக்குத் துணை வேண்டும். நம் புறநகரின் விசித்திரம் இங்கேதான் வெளிப்படுகிறது. தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. ஓய்வு பெற்ற அஞ்சல்துறைக்காரர், ரயில்வேக்காரர், வங்கிக்காரர் என்று மனு எழுதுவதில் கை தேர்ந்தவர்கள். 2019-ல் சிட்லபாக்கம் ஏரியில் மக்களே இறங்கிக் குப்பையை வாரினார்கள். ஏரிச் சீரமைப்புக்கு அரசு பணம் ஒதுக்கியது. ஆண்டுக்கணக்கில் இழுத்த பெருங்களத்தூர் மேம்பாலத்துக்கு எத்தனை மனு, எத்தனை கூட்டம். 2015 வெள்ளத்தில் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த பிறகு, கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று சர்வே எண்ணோடு சொல்லக்கூடியவர்கள் இங்கே உண்டு. இத்தனை திறமையும் ஏரிக்கும் பாலத்துக்கும் கால்வாய்க்கும் போகிறது, நான்கு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு வருவதில்லை. காரணம் தெரிந்ததுதான். வெள்ளம் எல்லார் வீட்டுக்குள்ளும் வரும். அரசுப் பள்ளியின் கூரை ஒழுகினால் சங்கத்துக்காரர் பேரன் நனைவதில்லை.

கோழிக்கோட்டு மலாப்பரம்பில் வேறு மாதிரி நடந்தது. நூறாண்டு கடந்த உதவிபெறும் பள்ளி அது. நிலத்தின் விலை ஏறிவிட்டது, பள்ளியால் லாபம் இல்லை என்று அதன் மேலாளர் மூடப் பார்த்தார். 2014 ஏப்ரலில் ஓர் இரவில் கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது. ஊர் திரண்டு, பணம் பிரித்து, புதுக் கட்டடத்தை எழுப்பிப் பள்ளியைத் தொடர்ந்து நடத்தியது. 2016-ல் நீதிமன்றம் வரை போய் மறுபடி மூடும் நிலை வந்தபோதும் வாசலில் நின்றார்கள். கடைசியில் கேரள அரசே அந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் சிகாகோவில் டையட் என்ற அரசு உயர்நிலைப் பள்ளியை மூடியதற்கு எதிராக, 2015-ல் கறுப்பினப் பெற்றோரும் பாட்டிமாரும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளி திறந்தது. அவர்கள் கேட்ட பாடத்திட்டம் அப்படியே கிடைக்கவில்லை, ஆனால் எல்லார்க்கும் திறந்த அரசுப் பள்ளியாகவே அது திரும்பி வந்தது. இரண்டு இடத்திலும் முன்னால் நின்றவர்களுக்குப் பள்ளி தங்கள் ஊரின் சொத்து. அதில் தங்கள் பிள்ளை இன்று படிக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி.

அதிகாரிகளும் அமைச்சர்களும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீக்கடையில் அடிக்கடி கேட்கலாம். 2011-ல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது நாடே பேசியது. 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அரசு ஊழியர் எல்லாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்றே உத்தரவிட்டது. அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவே இல்லை. உத்தரவு போட்டு ஆட்களைப் பள்ளிக்குள் கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மேலே நடக்கிற சண்டைகளும் பெஞ்சுக்கு வந்து சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்களுக்குக்கூட 2025-ல் சேர்க்கை தாமதமானது. கொள்கை வாதத்தில் யார் பக்கம் நின்றாலும், நின்றுபோன பணத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான உதவியும் அடக்கம் என்பது அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியும். குழுவின் துணைத் தலைவர் இடம் அவளைப் போன்ற ஒருத்திக்குத்தான்.

2024 ஆகஸ்டில் குழுக்களை மறுபடி அமைத்தபோது ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. புறநகருக்கு இது பொருத்தமான கதவு. பெருங்களத்தூரிலும் குரோம்பேட்டையிலும் அரசுப் பள்ளியில் படித்து, இன்று ஓஎம்ஆரிலோ சிறுசேரியிலோ வேலை பார்த்து, தன் பிள்ளையை சிபிஎஸ்இயில் போட்டிருக்கும் ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையை மாற்ற வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த அம்மா எழுதும் தீர்மானத்தை ஒருமுறை திருத்தி, எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் கொடுப்பது என்று சொல்லி, கூட ஒருமுறை போய் நின்றால் போதும். கவுன்சிலர் குரல் உயர்த்தினால், பக்கத்தில் இன்னொரு ஆள் இருப்பது ஒரு தைரியம்.

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. அப்படியானால் 2026-ல் மறுபடி பெற்றோர் கூட்டம், மறுபடி தேர்வு. வருகிற குழு முதலில் எழுத வேண்டிய தீர்மானம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். மாதக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் வைக்கிறார்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அது தோதான நேரம். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்டில் நிற்பவளுக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்து பிள்ளையை இங்கே சேர்த்திருப்பவருக்கும் அது அரைநாள் கூலி. 2022-ல் குழு அமைத்த நாள் ஞாயிறு, அன்று வந்தார்கள். கூட்டத்தைப் பெற்றோரால் வர முடிகிற நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியோடு ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தொடங்கலாம்.